வழிவிலகல்

அதிகாலை மூன்று நாற்பதுக்கு வரும் அழைப்பில்
யாரும் நலம் விசாரிப்பதில்லை.
"மேடம், குக்..." என்றார் கேப்டன் மக்பனுவா.
பிறகு சாட்டிலைட்டின் ஒன்றரை விநாடி மௌனம்.
அதற்குள் தீ, கத்திக்குத்து, கடலில் விழுந்த ஆள்
எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன்.
தூக்கத்திலேயே மாரடைப்பு என்றதும்
கொஞ்சம் ஆசுவாசமாகக்கூட இருந்தது.
அறிக்கையில் இதை எழுதவில்லை.

பிரேயஸ், அக்தி மியாவுலி, நான்காம் மாடி.
பதினோரு கப்பல்களுக்குப் பொது மேலாளர் நான்,
ஏகினா படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவள்.
ஜன்னலை மூடிவிட்டால்
கடல் என்பது கட்டங்கள் போட்ட ஒரு தாள்:
எவ்தோகியா, சோயா அறுபத்தாறாயிரம் டன்,
பரனகுவாவிலிருந்து சிங்தாவோவுக்கு,
நாள் வாடகை பதினாலாயிரத்து இருநூறு டாலர்.
ஓத்தார் தியாசமிட்ஸே, சமையல்காரர், பத்தூமி, ஐம்பத்து நான்கு வயது.
இறைச்சி அறையில், மைனஸ் பதினெட்டில்.

கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு
முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்களாம்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
கறியை யாரும் தொடுவதில்லை.
செகண்ட் இன்ஜினியர் முட்டை பொரிக்கிறார்,
அதையும் கருக்கிவிடுகிறார்.

ஜெனீவாவிலிருந்து ரேட்டோ பேசினான்.
ஆழ்ந்த இரங்கல். அதே மூச்சில்,
ஃப்ரீசர் வேலை செய்கிறது அல்லவா?
முப்பது நாள்தானே, சிங்தாவோவில் இறக்கிக்கொள்ளுங்கள்,
வழி விலகினால் அன்றிலிருந்து வாடகை கிடையாது.
கெட்டவன் இல்லை. போன வருஷம் என் மகளுக்குச் சாக்லேட் அனுப்பினான்.
நானும் அதே கணக்கைத்தான் போட்டு வைத்திருந்தேன்:
கேப்டவுனுக்கு இரண்டு நாள் ஏழு மணி, எண்ணெய், ஏஜென்ட், சவப்பெட்டி, முத்திரைகள்.
சிங்தாவோவைப் பென்சிலால் வட்டமிட்டேன்.

பிறகு லாமாராவுக்குப் போன்.
மாலுமிகள் பிரிவின் கேத்தோ மொழிபெயர்த்தாள்.
லாமாரா அழவில்லை. சம்பள பாக்கி கேட்கவில்லை.
ஒன்றே ஒன்று கேட்டாள்:
கப்பல் இப்போது எந்தப் பக்கம் போகிறது?

சுவர்த்திரையில் பச்சை அம்பு
சீனத்தைப் பார்த்து நின்றது.
உங்கள் பக்கம்தான், என்றேன்.
கேத்தோ என் முகத்தைப் பார்த்தாள்,
திரையைப் பார்த்தாள்,
பிறகு அதை ஜார்ஜிய மொழியில் சொன்னாள்.

போனை வைத்தாயிற்று.
சொன்னதை இனி மாற்ற முடியாது.
கப்பலை மாற்றலாம்.
பதினொன்று பத்துக்குக் கேப்டனுக்கு ஒரு வரி எழுதினேன்.
"புரிந்தது" என்று மட்டும் பதில் வந்தது. வழக்கமாக
இரண்டு பக்கம் கேள்வி கேட்கிறவர் அவர்.

முதலாளி மாவ்ரிகோஸ் ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டார்:
எவ்வளவு?
நாற்பத்தோராயிரத்து முந்நூறு.
ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார்.
எந்தத் தலைப்பில் போடுவாய்?
தெரியவில்லை என்றேன்.
இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம்
அந்த வார்த்தையை முதல்முறை சொல்கிறேன்.

இரவு, கேப்டவுன் ஏஜென்டுக்கு
சாமான் பட்டியல் அனுப்பும்போது
பழைய பட்டியல் ஒன்று கூடவே திறந்தது.
ஓத்தாரின் கையெழுத்து, போன மாதம்.
வெங்காயம் அறுபது கிலோ, மல்லித்தழை, பூண்டு,
வால்நட் நான்கு கிலோ.
வால்நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில்
"அவசியமில்லை."
கோடு என்னுடையது. அடித்த ஞாபகம்கூட இல்லை.

பெட்டி இஸ்தான்புல் வழியாகப் போய்ச் சேர்ந்தது.
கப்பல் தன் பழைய கோட்டுக்குத் திரும்பிவிட்டது.
இன்று காலை புதுச் சமையல்காரரின் கடிதம்,
படங்காஸ்காரர், இருபத்தாறு வயது, ரொம்பப் பணிவு:
மேடம், வால்நட் நான்கு கிலோ வந்திருக்கிறது.
நான் கேட்கவில்லை.
இதை வைத்து என்ன செய்ய வேண்டும்?

மதியமாகிவிட்டது.
இன்னும் பதில் எழுதவில்லை.